குங்ஃபூல முதல்ல வந்தது கம்பு, கை அதுக்கப்புறம் தான்

ஷாவ்லின் கோயிலோட கடைசிக் கட்டுல ஆயிரம் புத்தர் மண்டபம்னு ஒண்ணு இருக்கு. போறவங்க எல்லாம் சுவர்ல இருக்குற பெரிய ஓவியத்தத் தான் அண்ணாந்து பாப்பாங்க, ஆனா அங்க பாக்க வேண்டியது தரை. கல் பாவின தரைல வரிசையா 48 பள்ளம். யாரும் தோண்டுன பள்ளம் கிடையாது, பல தலைமுறைத் துறவிங்க அதே எடத்துல நின்னு அதே அடவ நாள் தவறாம போட்டு, ஓங்கி மிதிச்சு மிதிச்சு தரையே அமுங்கிப் போனதுன்னு கோயில்ல சொல்றாங்க. போட்டோல பாக்கும்போதே எனக்கு உள்ளங்கால் குறுகுறுன்னு ஆயிடும்.

குங்ஃபூங்குற வார்த்தைக்கு சண்டைன்னு அர்த்தமே கிடையாது. நேரமும் உழைப்பும் போட்டு ஒருத்தருக்கு கைவந்த திறமை, அவ்ளோ தான். நம்ம வீட்டுல "அவங்க கைப்பக்குவம் அப்படி"ன்னு சொல்றோம்ல, கிட்டத்தட்ட அது. நல்லா சமைக்குறவங்களுக்கும் குங்ஃபூ உண்டு, எழுத்து அழகா எழுதுறவங்களுக்கும் உண்டு, தென்சீனாவுல சின்னச் சின்ன கோப்பைல பதமா டீ வடிச்சுக் குடிக்குற பழக்கத்துக்கே குங்ஃபூ டீன்னு தான் பேரு. சண்டைக் கலைக்கு சீனாக்காரங்க சொல்ற பொதுப்பேரு வூஷு. தெக்கத்தி கான்டனீஸ் பேசுறவங்க வெளிநாடு போனப்பவும் அப்புறம் ஹாங்காங் படங்கள் உலகம் பூரா ஓடினப்பவும் குங்ஃபூங்குற பேரு சண்டைக்குன்னே ஒட்டிக்கிச்சு. அந்த 48 பள்ளம் தான் அந்த வார்த்தைக்கு சரியான விளக்கம்னு நான் நினைக்குறேன்.

இப்ப நம்ம ஆளுங்க யார்கிட்ட குங்ஃபூன்னு ஆரம்பிச்சாலும் ரெண்டாவது வரில போதிதர்மர் வந்துடுவார். காஞ்சிபுரத்துல இருந்து போன பல்லவ இளவரசர், பசில வாடிப்போன ஷாவ்லின் துறவிங்களுக்கு தற்காப்புக் கலை சொல்லிக்கொடுத்தார், அதுல இருந்து தான் மொத்த குங்ஃபூவும் வந்துச்சுன்னு. எனக்கும் இந்தக் கதை ரொம்பப் புடிக்கும், சின்ன வயசுல நானே பத்து பேர்கிட்ட பெருமையா சொல்லிருக்கேன். அதனால தான் இத கொஞ்சம் பொறுமையா பாக்கணும்னு தோணுது.

ஷாவ்லின் கோயில் கட்டினது 495ல, ஹெனான் மாகாணத்துல சோங் மலை அடிவாரத்துல, வட வெய் பேரரசர் ஷியாவ்வென் கட்டிக்கொடுத்தது. யாருக்காகன்னா, பத்துவோன்னு சீனாக்காரங்க கூப்புடுற ஒரு இந்தியத் துறவிக்காக. ஆக கோயில் தொடங்குனதுல இந்தியாவுக்கு நேரடி பங்கு உண்டு, ஆனா அவர் போதிதர்மர் இல்ல, போதிதர்மர் அதுக்கு அப்புறம் வந்தவர். அவரப் பத்தி நமக்குக் கிடைக்குற ரொம்பப் பழைய குறிப்பு 547 வாக்குல லோயாங் நகரத்து மடங்களப் பத்தி எழுதின ஒரு நூல்ல இருக்கு, அதுல அவர பாரசீகத்துல இருந்து வந்த துறவின்னு எழுதிருக்கு. அதே நூற்றாண்டுல டான்லின்னு ஒருத்தர் எழுதினதுல தான் தென்னிந்தியர், ஒரு பெரிய அரசனோட மூணாவது மகன்னு வருது. காஞ்சிங்குற ஊர்ப் பேர் எல்லாம் அதுக்கும் ரொம்பப் பின்னாடி சேர்ந்தது. இந்தப் பழைய குறிப்பு ரெண்டுலயும் சண்டையப் பத்தி ஒரு வரி இல்ல. அவர் தியானம் சொல்லிக்கொடுத்தவர், ஜென் பௌத்தத்தோட முதல் குரு, அந்த மரியாதை அவருக்கு எப்பவும் உண்டு.

அப்ப சண்டைக் கதை எங்க இருந்து வந்துச்சுன்னா, யீ ஜின் ஜிங்னு ஒரு உடற்பயிற்சி நூல்ல இருந்து. தசைநார மாத்துற நூல்னு அர்த்தம். இத போதிதர்மர் விட்டுட்டுப் போனார்னு அதோட முன்னுரை சொல்லுது, முன்னுரைல 628ஆம் வருஷம்னு தேதியும் போட்டு, லி ஜிங்னு டாங் வம்ச காலத்து பெரிய தளபதி கையெழுத்து போட்ட மாதிரி இருக்கு. இந்த நூல் தனக்கு எப்படி கிடைச்சுதுன்னா அடர்தாடி வீரர் ஒருத்தர் குடுத்தார்னு அந்தத் தளபதி சொல்றதா எழுதிருக்கு. சிக்கல் என்னன்னா அந்த அடர்தாடி வீரர் டாங் காலத்து சிறுகதை ஒண்ணுல வர்ற கற்பனைப் பாத்திரம்! இத 18ஆம் நூற்றாண்டுலயே சீனப் பண்டிதர் ஒருத்தர் கண்டுபிடிச்சு எழுதிட்டார். நூல் உண்மைல 1624 வாக்குல, தாவோங்குற சீன மத மரபுக்காரர் ஒருத்தர் எழுதினது. 1930கள்ல டாங் ஹாவ்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஊர் ஊரா அலைஞ்சு கல்வெட்டும் குடும்பப் பதிவேடும் பாத்து இந்தக் கட்டுக்கதைகள ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டினார், அதுக்காக ஊர் வஸ்தாதுங்ககிட்ட நிறைய கோபத்தையும் சம்பாதிச்சார்.

போதிதர்மருக்கு முன்னாடி சீனாவுல ஒண்ணும் இல்லையான்னா, நிறையவே இருந்துச்சு. சாங்ஷா பக்கம் மாவாங்துயில 1973ல தோண்டுன ஒரு கல்லறைல பட்டுத்துணி ஓவியம் ஒண்ணு கிடைச்சுது, 44 பேர் வேற வேற உடற்பயிற்சி நிலைல நிக்குறாங்க, ஆணும் பெண்ணும், வயசானவங்களும் இளசுங்களும். கல்லறை மூடுனது கி.மு. 168ல. போதிதர்மருக்கு அறுநூறு வருஷத்துக்கு மேல முன்னாடி. ஹான் வம்ச வரலாற்று நூலோட புத்தகப் பட்டியல்ல கைச்சண்டை பத்தி ஆறு அத்தியாயம் உள்ள ஒரு நூல் பேரு இருக்கு, நூல் தொலைஞ்சுடுச்சு, பேரு மட்டும் மிச்சம். மல்யுத்தம் அரண்மனை வேடிக்கையாவே இருந்துருக்கு. ஆக ஒருத்தர் வந்து சொல்லிக்குடுத்து ஆரம்பிச்ச சமாச்சாரம் இல்ல இது, சண்டைன்னு வந்தா கை காலும் கம்பும் தூக்காத ஊர் எது.

சரி, ஷாவ்லின் துறவிங்க எப்படி சண்டைக்குள்ள வந்தாங்க? கொல்லக்கூடாதுன்னு விரதம் எடுத்தவங்களாச்சே. இதுக்கு பதில் நிலம். கோயிலுக்கு பண்ணை இருந்துச்சு, தண்ணி ஆலை இருந்துச்சு, சுத்தி மலை, ஆட்சி ஆடிப்போன நேரத்துல கொள்ளைக்காரங்க, அப்ப காவலுக்கு ஆள் வேணும். 621ல டாங் வம்சத்து லி ஷிமின் எதிரி வாங் ஷிசோங்கோட மோதிட்டு இருந்தப்ப ஷாவ்லின் துறவிங்க அவங்களோட பண்ணை இருந்த பள்ளத்தாக்குல வாங் ஷிசோங்கோட படைய அடிச்சு அவனோட அண்ணன் மகன புடிச்சுக் குடுத்தாங்க. பின்னாடி பேரரசரான லி ஷிமின் அந்த நன்றிய மறக்கல, பண்ணைய கோயிலுக்கே குடுத்தார். 728ல வச்ச கல்வெட்டு இப்பவும் கோயில்ல நிக்குது, 13 துறவிங்களோட பேரு அதுல இருக்கு. ஆனா அந்தக் கல்வெட்டுல அவங்க என்ன கலை போட்டாங்க, எந்த ஆயுதம் புடிச்சாங்கன்னு ஒரு சொல் கூட இல்ல.

கம்பு பளிச்சுன்னு தெரியுறது மிங் வம்ச காலத்துல தான். அப்ப ஷாவ்லின்ல அவங்களே நம்புன மூலக்கதை போதிதர்மர் கதை இல்லங்குறது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அவங்க கதை மடப்பள்ளில நடக்குது. 1351ல செந்தலைப்பாகைக் கலகக்காரங்க கோயில வளைச்சப்ப, அடுப்படில எடுபிடி வேலை பாத்துட்டு இருந்த ஒருத்தர் அடுப்பு கிளறுற கம்போட எழுந்து நின்னு, மலை அளவு வளந்து, நான் இன்னாருன்னு உறுமி எல்லாரையும் விரட்டிட்டு மறைஞ்சுட்டார், அவர் தெய்வம்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. 1517ல வச்ச ஒரு கல்வெட்டு இந்தக் கதைய சொல்லுது. முதல்ல அவர வஜ்ரபாணின்னாங்க, பின்னாடி கின்னர அரசன்னாங்க, ஆமா நம்ம கின்னரர் தான், பௌத்தத்தோட போன பேரு. நிஜத்துல அந்தக் கலகத்துல கோயில் சூறையாடப்பட்டு துறவிங்க சிதறித் தான் போனாங்க, அந்தக் காயத்துக்கு மேல பூசுன கதை இது. ஆனா கவனிங்க, அவங்களோட சாமி கைல குத்து இல்ல, கம்பு.

1553ல கிழக்குக் கடற்கரைல கடற்கொள்ளைக்காரங்க அட்டகாசம். ஜப்பான் கொள்ளைக்காரங்கன்னு பேரு, ஆனா அதுல பாதிக்கு மேல சீனங்க தான். அரசாங்கப் படை திணறுனப்ப துறவிப் படைய கூப்புட்டாங்க. அந்த வருஷம் ஜூலைல 120 துறவிங்க ஒரு கூட்டத்த பத்து நாள் துரத்தித் துரத்தி முடிச்சாங்க, துறவிங்க பக்கம் இழப்பு நாலு பேரு. கைல இருந்தது கனத்த இரும்புக் கம்பு. விரதத்தோட கம்பு ஒத்துப்போகும்ங்குறதும் ஒரு காரணமா இருக்கலாம், வாள் மாதிரி வெட்டாது, ஊன்றுகோல்னு சொல்லிட்டு ஊர் ஊரா எடுத்துட்டும் போகலாம்.

அந்தப் போர்கள்ல பேர் எடுத்த தளபதி ச்சீ ஜிகுவாங் 1560 வாக்குல ஒரு படைப்பயிற்சி நூல் எழுதினார். அதுல வெறுங்கைக்கு ஒரு அத்தியாயம், 32 நிலை, படத்தோட. ஆனா ஆரம்பத்துலயே ஒளிக்காம சொல்லிடுறார், பெரிய போர்ல கைச்சண்டைக்கு பெருசா வேலை இல்ல, கை கால் துறுதுறுன்னு ஆகுறதுக்கு இது நல்ல பயிற்சி, புதுசா வர்றவனுக்கு நுழைவாசல் மாதிரின்னு. ஈட்டி, கம்பு, கேடயம் எல்லாம் கத்துக்குறதுக்கு முன்னாடி உடம்ப பழக்குற வேலை, அதுக்கு மேல இல்ல.

இன்னொரு ஆளு செங் ஸோங்யோ. ஷாவ்லின்ல பத்து வருஷத்துக்கு மேல தங்கி கம்பு கத்துக்கிட்டு 1610 வாக்குல அதப் பத்தி முழு நூலும் எழுதினவர். அவர் நூல்ல ஒரு கேள்வி பதில் வருது. கம்புக்குப் பேர் போன எடத்துல இப்ப ஏன் சிலர் கைய புடிச்சுட்டு இருக்காங்கன்னு ஒருத்தர் கேக்குறார். கைக்கலை இன்னும் நாட்டுல பரவல, அதனால தான் அதையும் கம்பு அளவுக்கு ஏத்திவிடணும்னு அவங்க அதுல எறங்கிருக்காங்கன்னு இவர் பதில் சொல்றார். இத நான் முதல் தடவ படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். 1600களோட தொடக்கத்துல, கோயில் கட்டி ஆயிரத்து நூறு வருஷம் ஆனப்புறம், ஷாவ்லின்லயே கைக்கலை இன்னும் வளந்துட்டு தான் இருந்துருக்கு. இன்னைக்கு குங்ஃபூன்னா நம்ம கண்ணுல வர்ற வெறுங்கை வித்தை பெரும்பாலும் அந்தக் காலத்துக்கு அப்புறம் திரண்டு வந்தது.

ஏன் அப்ப? மூணு நாலு காரணம் ஒண்ணாக் கூடுச்சு. மாவாங்துயி பட்டுத்துணில பாத்தோமே அந்த மூச்சுப்பயிற்சி, உடம்ப நீவிவிடுற பயிற்சி, அது காலங்காலமா வைத்தியர்கள்கிட்டயும் தாவோ சாமியார்கள்கிட்டயும் இருந்துச்சு, மிங் கடைசில அது சண்டைப் பயிற்சியோட கலந்துடுச்சு, அதுக்கு சரியான தோது வெறுங்கை தான், கைல ஆயுதம் இருந்தா கவனம் ஆயுத முனைல போகும், இல்லன்னா உடம்புக்குள்ள போகும். 1644ல மிங் விழுந்து வடகிழக்குல இருந்து வந்த மஞ்சு ஆளுங்க சிங் வம்சம்னு ஆட்சிய புடிச்சாங்க, ஜனங்க கைல ஆயுதம் இருக்குறதும் கூட்டமா சேந்து பயிற்சி பண்றதும் அவங்களுக்கு ஆகல, 1727ல பேரரசர் யோங்செங் ஊர் ஊரா கைச்சண்டை சொல்லிக்குடுக்குறதயே தடை பண்ணி உத்தரவு போட்டார். 1828ல மஞ்சு அதிகாரி ஒருத்தர் ஷாவ்லின் போய் உங்க வித்தைய காட்டுங்கன்னு கேட்டப்ப துறவிங்க முதல்ல மழுப்பிட்டாங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்னு அவர் தைரியம் சொன்னப்புறம் தான் செஞ்சு காட்டினாங்க. அந்த பயம் எவ்ளோ நாளா இருந்துருக்கும்!

கம்பும் ஈட்டியும் கைய விட்டு எறங்குனாலும் உடம்ப விட்டு எறங்கல. இதுக்கு நல்ல சாட்சி ஷிங் யீங்குற பாணி. ஷான்ஷி மாகாணத்து ஜீ ஜிக்கேன்னு 17ஆம் நூற்றாண்டு ஆள், ஈட்டில சூரன்னு பேரு. அந்தப் பரம்பரைல 1750ன்னு தேதி போட்டு வழிவழியா வர்ற ஒரு முன்னுரைல அவர் யோசிச்சது இருக்கு, கலவர காலத்துல ஈட்டி தூக்கிட்டு நடக்கலாம், ஊர் அமைதியா இருக்கும்போது ஆயுதம் இல்லாம தான் இருப்போம், அப்ப திடீர்னு ஒண்ணு நடந்தா? அதனால ஈட்டிய கையா மாத்துனார்னு.

இத வார்த்தைல படிச்சா போதாது, செஞ்சு பாத்தா புரியும். ஷிங் யீல சான் தின்னு ஒரு அடிப்படை நிலை இருக்கு. இடது கால் முன்னாடி, எடைல முக்காவாசி பின்கால் மேல, இடது கை மூக்கு உயரத்துக்கு முன்னாடி நீண்டு லேசா மடங்கி, வலது கை தொப்புள் பக்கத்துல. இப்ப அந்த ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு நீளமான மூங்கில குடுத்துப் பாருங்க, அப்படியே ஈட்டி புடிச்ச நிலை. முன்கை திசை காட்டும், பின்கை தள்ளும். ஈட்டிக்கு வடசீனா பூரா அடிப்படை மூணே அசைவு, லான், நா, ஜா. முனைய வெளிப்பக்கமா ஒரு சின்ன வட்டம் சுத்தி எதிரி ஈட்டிய ஒதுக்குறது, உள்பக்கமா சுத்தி அமுக்குறது, நேரா குத்துறது. ஒதுக்கு, அமுக்கு, குத்து. ஈட்டித்தண்டுக்கு வெள்ளையா மழமழன்னு வளையுற ஒரு மரம் வச்சுருப்பாங்க, இரும்பு மாதிரி விறைச்சு நிக்காது, இடுப்புல ஒரு சொடுக்கு குடுத்தா முனை வரைக்கும் அதிரும். அந்த அதிர்வ கையால பண்ண முடியாது, பண்ணா தோள்பட்டை போயிடும், பாதத்துல தொடங்கி இடுப்பு வழியா வரணும். வடக்கத்தி பாணிங்கள்ல பாதத்துல இருந்து வேகம் கிளம்பணும்னு திரும்பத் திரும்ப சொல்றதோட வேர் இதுல இருக்குன்னு தான் நான் நம்புறேன்.

பாஜிங்குற பாணியும் அதே மாதிரி தான், குட்டையா, கிட்டக்கப் போய், முழங்கையும் தோளும் போட்டு இடிக்குற பாணி, ஆனா அதுல பெரிய ஆளுங்க எல்லாம் ஈட்டிக்காரங்க. 1934ல இறந்த லி ஷுவென்னு ஒருத்தர், பட்டப்பேரே ஈட்டித் தெய்வம் லி. அவரோட மாணவர் ஒருத்தர் கடைசிப் பேரரசர் பூயியோட காவலர்களுக்கு பயிற்சி குடுத்தவர். இவங்க எல்லாம் ஹெபெய் மாகாணத்து சாங்சோ ஊர்ப்பக்கம். உப்புப் படிஞ்ச மண்ணு, வெளச்சல் ஒண்ணும் சொல்லிக்குற மாதிரி கிடையாது, ஆனா பெருங்கால்வாய் ஊர் வழியா ஓடுது, வடக்கு தெக்கா போற சரக்கெல்லாம் அந்த வழி. வெள்ளாமை கைகொடுக்காத எடத்துல வழிக்காவல் தொழில் ஆச்சு. வியாபாரிங்களோட வெள்ளியும் சரக்கும் பத்திரமா கொண்டுபோய் சேக்குற காவல் கம்பெனிங்க இருந்துச்சு, ஊருக்குள்ள நுழையும்போது கொடிய ஏத்தி கம்பெனி பேர சத்தமா கூவிட்டுப் போறது வழக்கம், எங்ககிட்ட வம்பு வச்சுக்காதீங்கன்னு. சாங்சோ வந்தா மட்டும் யாரும் கூவ மாட்டாங்க. சாங்சோல கூவாதேன்னு பழமொழியே இருக்கு, அங்க ஒவ்வொரு தெருவுலயும் ஒரு ஆள் இருப்பான். இதுல பாதி ஹுய்ங்குற சீன முஸ்லிம்களோட கைவண்ணம்னு சொல்லணும், பாஜியும் சரி, ச்சா சுவான்ங்குற பாணியும் சரி, முஸ்லிம் ஊர்கள்ல வளந்து வந்தது, மசூதி முத்தத்துலயே பயிற்சி நடக்கும். குங்ஃபூன்னா பௌத்தத் துறவி மட்டும்னு ஒரு படம் நம்ம மனசுல இருக்கு, இவங்கள அதுல எங்கயும் காணோம்ங்குறது எனக்கு வருத்தம்.

தாய் சி பத்தி சொல்லாம இருக்க முடியாது. ஹெனான்லயே சென் கிராமம், 17ஆம் நூற்றாண்டுல சென் வாங்டிங்னு ஒரு பழைய படைவீரர், மிங் விழுந்ததும் ஊர்ல ஒடுங்கி வயலப் பாத்துக்கிட்டு மிச்ச நேரத்துல பயிற்சிய கோத்தவர். ச்சீ ஜிகுவாங்கோட அந்த 32 நிலைல 29 இதுக்குள்ள இருக்குன்னு டாங் ஹாவ் எண்ணிக் காட்டினார். ஆக பூங்கால மேகம் மாதிரி மெதுவா நகர்ற அந்தக் கலைக்கு பாட்டன் ஒரு படைப்பயிற்சிப் புத்தகம். ரெண்டு நூற்றாண்டு அந்த ஒரு குடும்பத்துக்குள்ளயே இருந்துச்சு, 19ஆம் நூற்றாண்டுல யாங் லூசான்னு வெளியாள் ஒருத்தர் அங்க போய் கத்துக்கிட்டு பெய்ஜிங் போய் மஞ்சு பிரபுக்களுக்கு சொல்லிக்குடுத்தார், அப்புறம் அவரோட பேரன் காலத்துல எல்லாருக்கும் ஏத்த மாதிரி மெதுவாவும் விரிவாவும் ஆச்சு. இத அகக்கலைன்னும் ஷாவ்லின புறக்கலைன்னும் பிரிக்குறாங்க. அந்தப் பிரிவு முதல்ல எழுத்துல வர்றது 1669ல, ஹுவாங் ஸோங்ஷிங்குற அறிஞர் ஒரு வீரரோட கல்லறைக்கு எழுதின வாசகத்துல. அந்த அறிஞர் மஞ்சு ஆட்சிய எதிர்த்து நின்னவர். வெளிநாட்டு மதமான பௌத்தத்தோடது புறம், மண்ணோட தாவோவோடது அகம்னு அவர் எழுதினதுக்குள்ள அரசியல் கோபமும் இருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்றாங்க, எனக்கும் அது சரின்னு படுது. உடம்ப வச்சுப் பாத்தா கோடு அவ்ளோ சுத்தமா விழாது, நல்ல ஷாவ்லின் ஆள்கிட்ட மென்மை இருக்கும், நல்ல சென் தாய் சி ஆள் காலால மிதிச்சா தரை அதிரும்.

தெக்க போனா வேற காத்து. குவாங்டோங், ஃபுஜியன் மாகாணங்கள். தெக்கத்தி கை, வடக்கத்தி கால்னு ஒரு சொலவடை உண்டு, தெக்க படகும் சேறும் சந்தும், அதனால காலத் தூக்காம ஊனி நின்னு கையால போடுறாங்கன்னு விளக்கம் சொல்வாங்க. பாதி சரி, வடக்கயும் காலத் தூக்காத பாணி இருக்கு, பாஜியே அப்படித் தான். ஹங் கார்ங்குற தெக்கத்தி பாணில குதிரை நிலைன்னு தொடைய தரைக்கு சமமா வச்சு உக்காந்த மாதிரி நிக்கணும், நீங்க இப்பவே எழுந்து ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள தொடை தானா நடுங்கும், பழைய ஆசான்கள் ஊதுவத்தி ஒண்ணு கொளுத்தி வச்சு அது அணையுற வரைக்கும் நிக்க விடுவாங்க. அதுல பேர் போன வோங் ஃபெய் ஹங், 1847ல பொறந்து 1925ல இறந்தவர், பிழைப்புக்கு எலும்புமுறிவு வைத்தியம், மருந்துக்கடை. தெக்க பாதி ஆசான்கள் இப்படி வைத்தியர்கள் தான், அடிக்கவும் தெரியும் கட்டுப்போடவும் தெரியும்.

விங் சுன்ங்குற தெக்கத்தி பாணியோட கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெக்க இருந்ததா சொல்ற இன்னொரு ஷாவ்லின் எரிஞ்சப்ப தப்பிச்ச ங் முய்ங்குற பெண் துறவி, அவங்ககிட்ட கத்துக்கிட்ட யிம் விங் சுன்ங்குற பொண்ணு. கேக்க நல்லாருக்கு, ஆனா தெக்கத்தி ஷாவ்லின் எரிஞ்ச கதை சிங் ஆட்சிய எதிர்த்த வானமும் பூமியும்ங்குற ரகசியச் சங்கத்தோட தோற்றக் கதைல இருந்து எடுத்தது, ஒரே கதைய பல பாணி பகிர்ந்துக்கிச்சு. பதிவு இருக்குற ஆட்கள்னு பாத்தா ஃபோஷான் ஊர் வைத்தியர் லியுங் ஜான், அவருக்கு முன்னாடி சிவப்புப் படகு நாடகக்காரங்க. கான்டனீஸ் நாடகக் குழுக்கள் ஆத்து வழியா ஊர் ஊரா சிவப்பு பெயின்ட் அடிச்ச படகுல போவாங்க, 1854ல அந்த நடிகர்கள்ல லி வென்மாவ்ங்குறவர் தலைமைல ஒரு கூட்டம் மேடை உடையோடவே சிங் ஆட்சிய எதிர்த்து எறங்குச்சு, அதுக்குத் தண்டனையா நாடகத்தயே தடை பண்ணி அவங்க சங்கக் கட்டடத்தையும் அழிச்சாங்க. விங் சுன்ல இப்பவும் ஒரு நீளக் கம்பு வரிசை உண்டு, படகு தள்ளுற கம்பு தான் அதுன்னு அவங்க பரம்பரை சொல்லுது. கைய முழுசா முடிச்சவங்களுக்குத் தான் அந்தக் கம்ப குடுப்பாங்க, அந்தக் காலத்து வரிசை அப்படியே தலைகீழா மாறிடுச்சு பாருங்க. விங் சுன் ஆசான் இப் மான் 1950ல ஹாங்காங் உணவகத் தொழிலாளர் சங்கத்துல வகுப்பு ஆரம்பிச்சார், அங்க இருந்து புரூஸ் லீ, மிச்சம் உலகத்துக்கே தெரியும்.

ஃபுஜியனோட வெள்ளைக் கொக்கு பாணி கடல் தாண்டி ஜப்பானோட ஒகினாவா தீவுக்குப் போச்சு. அங்க இருந்து ஃபூசோவுக்கு வந்து கத்துக்கிட்டுப் போனவங்க இருக்காங்க, சான்சின்னு கராத்தேக்காரங்க போடுற வரிசைக்கு தாய் ஃபுஜியன்ல தான் இருக்கு. கராத்தேங்குற பேர அப்ப சீனக் கைன்னு அர்த்தம் வர்ற எழுத்துல எழுதுவாங்க. 1936ல ஒகினாவா ஆசான்கள் கூடி, அதே உச்சரிப்புக்கு வெறுங்கைன்னு அர்த்தம் வர்ற எழுத்த முடிவு பண்ணாங்க. வெறுங்கைங்குறது ஒரு பெருமையாவே மாறுன காலம் அது.

ஆனா அதுக்கு நடுவுல ஒரு பெரிய அடி இருக்கு, 1900. ஷான்டோங் மாகாணத்துல மஞ்சள் ஆறு வெள்ளம், அப்புறம் வறட்சி, பாதிரியார்களோட தகராறு, ஜெர்மன்காரங்க துறைமுகத்த எடுத்துக்கிட்டாங்க, அந்தக் கோபத்துல கிராமத்துப் பசங்க யிஹே சுவான்ங்குற கைச்சண்டைக் கூட்டமா திரண்டாங்க, உலகம் அவங்கள பாக்ஸர்னு கூப்புட்டுச்சு. சாமி எறங்குனா துப்பாக்கி குண்டு தோலத் தொடாதுன்னு நம்பினாங்க. பெய்ஜிங்ல வெளிநாட்டுத் தூதரகங்கள 55 நாள் வளைச்சாங்க, எட்டு நாட்டுப் படை வந்து அடிச்சு நொறுக்குச்சு. நிறைய பேரு சின்னப் பசங்க, வாளோடவும் ஈட்டியோடவும் துப்பாக்கி முன்னாடி ஓடுனவங்க. இதப் பத்தி படிக்கும்போது எனக்கு அவங்க மூடநம்பிக்கை பெருசா தெரியல, பசி தான் தெரியுது.

அதுக்கப்புறம் படிச்ச சீனாக்காரங்களுக்கு குங்ஃபூன்னாலே கூச்சம். அத மாத்துனது ஷாங்காய்ல 1910ல வந்த ஜிங்வூ கழகம். ஹுவோ யுவான்ஜியா பேர்ல ஆரம்பிச்சு, அவர் அந்த வருஷமே இறந்துட்டார், ஆனா கழகம் நின்னுச்சு. ரகசியம் கிடையாது, குருவோட குடும்பப் புள்ளயா இருக்கணும்னு கிடையாது, பீஸ் கட்டு, யூனிஃபார்ம் போடு, பொண்ணுங்களும் வரலாம், பல பாணிய ஒரே எடத்துல படி. சிங்கப்பூர், மலேசியா வரைக்கும் கிளை போச்சு. 1928 மார்ச்ல அரசாங்கமே நான்ஜிங்ல மத்திய குவோஷு (தேசியச் சண்டைக்கலை) நிலையத்த தொடங்குச்சு, அதே மார்ச்ல தான் ஷி யோசான்னு ஒரு படைத்தலைவன் ஷாவ்லினுக்கு தீ வச்சான், நாப்பது நாளுக்கு மேல எரிஞ்சுதாம், நூலகம் போச்சு, பல மண்டபம் போச்சு. அந்த 48 பள்ளம் இருக்குற மண்டபம் தப்பிச்சது நம்ம அதிர்ஷ்டம்.

1954 ஜனவரில மக்காவுல ஒரு போட்டி நடந்துச்சு, வீடியோ கூட இருக்கு, கண்டிப்பா பாருங்க. ஹாங்காங் குடிசைப் பகுதில தீப்பிடிச்சு வீடிழந்தவங்களுக்கு நிதி திரட்ட, தாய் சி ஆசான் வூ கோங்யியும் வெள்ளைக் கொக்கு ஆசான் சான் ஹாக் ஃபூவும் மோதுனாங்க. ஒருத்தருக்கு 50 தாண்டிடுச்சு, இன்னொருத்தர் முப்பதுகள்ல. பறக்குறது இல்ல, கொக்கு நிலை இல்ல, தடுமாறி வீசுன கை, மூக்குல ரத்தம், ரெண்டாவது ரவுண்டோட நடுவர்கள் நிறுத்தி வெற்றி தோல்வி இல்லன்னுட்டாங்க. ஊரே அதப் பத்தி பேச, மூணே நாள்ல ஒரு ஹாங்காங் பத்திரிகை லியாங் யூஷெங்ங்குறவர வச்சு வீரசாகசத் தொடர்கதை ஆரம்பிச்சுது. புது வூஷியா நாவல்கள் அங்க தான் தொடங்குச்சு, நம்ம மனசுல இருக்குற பறக்குற குங்ஃபூல பெரும்பங்கு அந்த எழுத்துல இருந்து படத்துக்கு வந்தது.

1949க்கு அப்புறம் சீன அரசாங்கம் குங்ஃபூவ விளையாட்டாவும் உடல்நலமாவும் பிரிச்சு அடுக்குச்சு. 1956ல தாய் சிய 24 அசைவா சுருக்கினாங்க, ஆறு நிமிஷத்துல முடியும், உலகத்துல எந்தப் பூங்கால பாத்தாலும் அது தான். கலாச்சாரப் புரட்சில ஆசான்கள் அடி வாங்கினாங்க, 1982ல ஷாவ்லின் பேர்ல வந்த படம் ஒண்ணு ஓடுன ஓட்டத்துல இடிஞ்சு கெடந்த கோயிலுக்கு கூட்டம் அலைமோதுச்சு, இப்ப கோயில் இருக்குற டெங்ஃபெங் ஊர் பூரா குங்ஃபூ பள்ளிக்கூடம், ஆயிரக்கணக்குல பசங்க விடியக்காலை மைதானத்துல. 2020ல யுனெஸ்கோ தாய் சிய பட்டியல்ல சேத்துச்சு.

அந்தத் தாய் சிலயே ஒரு பயிற்சி இருக்கு, டா கான்னு பேரு. பத்து அடிக்கு மேல நீளம், அடி பருத்து நுனி மெலிஞ்ச அதே வளையுற மரத்தடி, இரும்பு முனை கிடையாது. அடிப்பக்கத்த ரெண்டு கையாலயும் புடிச்சு, ஒதுக்கு, அமுக்கு, குத்துன்னு அதே மூணு அசைவு, கடைசி குத்துல இடுப்ப ஒரு உதறு உதறுனா நுனி ஒரு அடி அகலத்துக்கு விர்ருனு ஆடும். சென் கிராமத்துல வயசான ஆசான்கள் இத திரும்பத் திரும்ப போடுறாங்க, வலது பக்கம் முடிச்சு இடது பக்கம்.